கன்னத்தில் விழுந்த சொட்டு

அவருக்கு என்று முறையான பெயர் ஒன்று இருந்தது. வங்கியில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பார். பேருந்து நிலையத்தின் விசாரணைக் கவுன்ட்டரில் மீசை அரும்பிய வயதில் போய் உட்கார்ந்தவர், அது நரைத்த பிறகுதான் எழுந்து வந்தார். அதனால் ஓட்டுநர்களுக்கும் நடத்துநர்களுக்கும் நிலையத்து வாசலில் பூட்டு விற்பவருக்கும், பிறகு தெருக்காரர்களுக்கும் அவர் 'என்கொயரி'தான். மனைவிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"என்ன என்கொயரி சார், சொட்டுற குழாயை மூடணும்னா எந்தக் கவுன்ட்டர்ல சொல்லணும்?"

அந்தக் கேலியில் விஷயம் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கவுன்ட்டர் உண்டு; தப்பான வரிசையில் நிற்பவருடைய நேரமும் போகும், பின்னால் நிற்பவருடைய நேரமும் போகும். எந்த வண்டி, எந்த மேடை, எப்போது கிளம்பும், இவை அவருடைய கேள்விகள். டிக்கெட் என்றால் பக்கத்து வரிசை. பெட்டி காணோம் என்றால் மாடி. "நேரா போய் இடது பக்கம் திரும்புங்க, பச்சைக் கதவு" என்று பொறுமையாக வழி சொல்லிவிட்டு, மைக்கில், "அடுத்தவங்க வாங்க" என்பார். கடுமையானவர் இல்லை. சரியான இடத்துக்கு அனுப்பிவைப்பதுதான் ஒரு மனிதருக்குத் தன்னால் செய்ய முடிந்த பெரிய உதவி என்று மனதார நம்பியவர். பக்கத்து டிக்கெட் கவுன்ட்டர்காரர் சொல்வார்: "இவன்கிட்ட போய் உயிர் போகுதுன்னு சொன்னாலும், உயிருக்கு எட்டாம் நம்பர் போங்கன்னுதான் சொல்லுவான்."

ஓய்வு பெற்ற பிறகு அவரே வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. சர்க்கரை நோய் வேலையில் இருக்கும்போதே வந்து குடியேறிவிட்டது. இதயத் துடிப்பு தாளம் தப்பியதில் மார்புத் தோலுக்கு அடியில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் சேர்ந்தது. முட்டி தேய்ந்தது. சிறுநீர் அவசரப்படுத்த ஆரம்பித்ததும் புராஸ்டேட்டுக்கு ஒரு மருத்துவர். மருத்துவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பை வைத்திருந்தார். சர்க்கரைக்கு நீலப் பை, இதயத்துக்குச் சிவப்பு, முட்டிக்கு மஞ்சள், சிறுநீருக்குப் பழைய சாம்பல் நிறப் பை. ஒரு பையின் காகிதம் இன்னொரு பைக்குள் போகாது. காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து, இங்கே எதைச் சொல்வது, எது இந்த இடத்துக்கு உரியதல்ல என்று மனதுக்குள் பிரித்துக்கொள்வார். உள்ளே போனால் மருத்துவரின் நேரத்தை வீணாக்கமாட்டார். மருத்துவர்களுக்கு அவரைப் பிடித்திருந்தது.

இப்படித்தான் இன்னொரு நோய்க்கு, யார் கண்ணிலும் படாமல், அவருக்குள் உட்கார்ந்து வேலை செய்ய இடம் கிடைத்தது.

பாதம் மரத்துப்போனது, அதைச் சர்க்கரை மருத்துவரிடம் சொன்னார். சர்க்கரைக்காரர்களுக்கு வருவதுதான் என்றார் அவர். நடை தள்ளாடியது, முட்டி மருத்துவரிடம் சொன்னார். தேய்ந்த முட்டி வேறு எப்படி நடக்கும்? சிறுநீர் இன்னும் அவசரமானது. புராஸ்டேட் மாத்திரையைக் கூட்டினார்கள். குனிந்து செருப்பைப் பார்க்கும்போது பிடரியிலிருந்து முதுகு வழியாக மின்சாரம் போல ஒன்று இறங்கியது. மின்சாரம் என்றால் பேஸ்மேக்கர்தானே? இதய மருத்துவரிடம் சொன்னார். அவர் கருவியைச் சோதித்து, "மிஷின் அருமையா ஓடுது, கவலைப்படாதீங்க" என்றார். எல்லாம் உண்மையான பதில்கள். எல்லோரும் அவரவர் கவுன்ட்டரில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள்.

கை மட்டும்தான் மிச்சம். சட்டைப் பொத்தான் ஓட்டையைத் தேடி அலைந்தது. சில்லறை விரலிடுக்கில் நழுவியது. கையெழுத்து வேறு யாருடையதோ போல ஆனது. கையைப் பற்றிச் சொல்ல அவரிடம் பை இல்லை. "வயசு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். வயசுக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் வரிசை கிடையாது.

கையால் அவர் செய்ய வேண்டிய வேலை என்று பெரிதாக எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர. மனைவிக்குக் கண் அழுத்த நோய். உள்ளே அழுத்தம் ஏற ஏற, பார்வை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே வரும். அரித்தது திரும்ப வராது. காலையும் மாலையும் சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அவளே விட்டுக்கொள்ளப் பார்த்தாள். பாட்டிலின் நுனி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் புருவத்துக்கும் மூக்குக்குமாக ஊற்றிக்கொண்டாள். அதனால் அது அவர் வேலை ஆனது. அவள் கட்டிலில் படுக்க, அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கீழிமையை விரலால் இழுத்து, "மேல பாரு... மூடாதே... ஆச்சு" என்பார். ஓய்வுக்குப் பிறகு ஒரு நாளை இரண்டு முனையிலும் பிடித்து நிறுத்தியது அந்த வேலைதான். மகள் பக்கத்துத் தெருவில்தான் இருந்தாள். நான் போடுகிறேன் என்று அவள் சொன்னபோது, "உனக்கு ஆபீஸ் இருக்கு. இது என் டூட்டி" என்று தடுத்துவிட்டார்.

பிறகு சொட்டு தவற ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது. பிறகு எப்போதாவதுதான் கண்ணில் விழுந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பாட்டிலை அழுத்தும்போது மணிக்கட்டு தன்னிச்சையாக ஒரு பக்கம் போனது. "கொஞ்சம் வழிஞ்சிடுச்சு" என்பார். "வழிஞ்சா என்ன, உள்ள போனது போகத்தானே வழியுது" என்பாள் அவள். இன்னொரு சொட்டு விடுவார். அதுவும் வழியும்.

அடுத்த முறை கண் மருத்துவமனைக்குப் போனபோது மகளும் கூட வந்திருந்தாள். கண் மருத்துவர் தலை நரைத்த பெண்மணி, அதிகம் சிரிக்கமாட்டார். அழுத்தத்தை இரண்டு தடவை அளந்தார். பார்வைச் சோதனையின் படத்தைப் பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இடது கண்ணின் படத்தில் கறுப்பு நன்றாகப் பரவியிருந்தது.

"மருந்தை நிறுத்திட்டீங்களாம்மா?"

"ஒரு வேளைகூட விட்டதில்ல டாக்டர்."

"பாட்டில் எவ்வளவு நாள் வருது?"

மகள் முந்திக்கொண்டாள். "அதான் டாக்டர், முந்தியெல்லாம் ஒரு மாசம் வரும். இப்ப பாதி மாசத்துலயே வாங்கிட்டு வரச் சொல்றாங்க."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரு போடறது?"

"நான்தான்" என்றார் என்கொயரி. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"இப்ப ஒரு சொட்டு போடுங்க. நான் பார்க்கணும்."

அவள் நாற்காலியில் சாய்ந்து மேலே பார்த்தாள். அவருக்குப் பாட்டிலின் மூடியைத் திறக்கவே நேரம் பிடித்தது. முதல் சொட்டு புருவத்தில் விழுந்தது. "இருங்க" என்றார் யாரிடமோ. இரண்டாவது கன்னத்தில். மூன்றாவதற்கு அழுத்தியபோது பாட்டிலின் நுனி இமைமுடியில் இடித்தது, அவள் அசையவில்லை. அப்போதுதான் அவர் அதைப் பார்த்தார். மனைவியின் வலது கையில் நாலாக மடித்த கைக்குட்டை இருந்தது. அவர் பாட்டிலைத் திறக்கும் முன்பே அவள் அதைக் கன்னத்துக்குப் பக்கத்தில் தயாராக வைத்திருந்தாள்.

மருத்துவர் எழுந்து வந்து பாட்டிலை மெதுவாக வாங்கி, இரண்டு கண்ணிலும் தாமே விட்டார். பிறகு, "சட்டையோட மேல் பொத்தானைக் கழட்டி மாட்டுங்க" என்றார்.

"டாக்டர், பேஷன்ட் அவதான். என் கை... இது கண்ணுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்."

"உங்க கண்ணைப் பத்தி நான் கேக்கல. மாட்டுங்க."

மாட்ட முடியவில்லை. மருத்துவர் விடாமல் கேட்டார். கை எப்போதிலிருந்து இப்படி? நடை? கழுத்தை வளைத்தால்? சிறுநீர்? ஒவ்வொன்றுக்கும், "அதுக்கு வேற டாக்டர்கிட்ட பார்க்கறேன்" என்றே பதில் வந்தது. எல்லாப் பதிலையும் கேட்டுவிட்டு மருத்துவர் சொன்னார்: "இது என் துறை இல்ல. ஆனா இது வயசும் இல்ல." அடுத்த கட்டடத்துக்கு வழி சொல்லி அனுப்பாமல், தொலைபேசியை எடுத்து முதுகுத்தண்டு மருத்துவரிடம் அவரே பேசினார்.

மகள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போன பிறகு, அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காதே."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஈரம் எங்க விழுதுன்னு தெரியாதா எனக்கு? கண்ணுதாங்க மங்கல். கன்னம் நல்லாத்தான் இருக்கு."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா அன்னிக்கே பாட்டிலைப் பொண்ணுகிட்ட குடுத்துடுவீங்க. அப்புறம் விடிஞ்சா நீங்க எதுக்கு எழுந்திரிக்கணும்? சுவரைப் பார்த்துட்டு உக்காந்திருப்பீங்க. பத்துல ஒண்ணாவது உள்ள விழுதே, அது போதும்னு இருந்துட்டேன்."

"அதுக்காகக் கண்ணைக் குடுப்பியா?"

"நீங்க மட்டும் சொன்னீங்களா? கை வரலைன்னு எங்கிட்டயாவது ஒரு வார்த்தை?"

"யார்கிட்ட சொல்றது? கைக்குன்னு யாரு இருக்கா?" என்றவர், சொன்ன பிறகு தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டவர்போலத் தலையைக் குனிந்தார். பிடரியிலிருந்து மின்சாரம் இறங்கியது.

முதுகுத்தண்டு மருத்துவருக்கு மகளைவிட வயது குறைவாக இருக்கும். என்கொயரி வாசலில் தோன்றியதுமே, "அங்கேயே நில்லுங்க. இப்ப நடந்து வாங்க, நான் பார்க்கறேன்" என்றார். குதிகாலும் விரலும் தொடுகிற மாதிரி ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார். மகள் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பார். கையை மூடி மூடி வேகமாகத் திறக்கச் சொன்னார். விரல்கள் ஒட்டிக்கொண்டவை போல மெதுவாகப் பிரிந்தன. நடுவிரலின் நகத்தைச் சுண்டினார். யாரும் தொடாத கட்டைவிரல் தானாகத் துள்ளி மடங்கியது. முட்டிக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டினார். கால் உதைத்துக்கொண்டு எழுந்தது.

"சுகர் மட்டும் இந்தக் காலைக் கெடுத்திருந்தா, தட்டினா அசையாம கிடக்கும். இப்படி உதைக்காது" என்றார் அவர். "சுகர் இல்லன்னு சொல்லல. பாதத்துல அதுவும் இருக்கு. முட்டியும் தேய்ஞ்சுதான் இருக்கு. ஆனா அதுங்க முதுகுக்குப் பின்னாடி இன்னொண்ணு ஒளிஞ்சுக்கிட்டிருக்கு. கழுத்துல தண்டுவடம் நசுங்குதுன்னு நினைக்கறேன். கைக்கும் காலுக்கும் சிறுநீருக்கும் சேதி போற வழி அதுதான்."

"கழுத்து வலிக்கவே இல்லையே டாக்டர்."

"நிறைய பேருக்கு வலிக்காது. அதனாலதான் தப்பிச்சுக்குது."

என்கொயரி தன் கைகளைப் பார்த்தார். "தப்பு என்னோடது. ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொண்ணு சொன்னேன்."

"உங்களோடது மட்டும் இல்ல. வயசானவர், சுகர், முட்டி தேய்வுன்னு முன்னாடியே இருந்தா, எதைக் கேட்டாலும் பதில் ரெடியா இருக்கும். கழுத்து வரைக்கும் ஏறிப் பார்க்கத் தோணாது. நாங்களும் கேட்டிருக்கணும்."

ஸ்கேன் எடுப்பதே ஒரு போராட்டமாக இருந்தது. காந்தக் குழாய்க்குள் பேஸ்மேக்கரோடு அப்படியே போய்விட முடியாது. எந்த வகைக் கருவி, எந்த வகைக் கம்பி என்று இதய மருத்துவரைக் கேட்க வேண்டும். கருவியை அதற்கு ஏற்ற நிலையில் மாற்றிவைத்து, எடுத்து முடிக்கும்வரை ஒருவர் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மகள் நாலு பைகளையும் கொண்டுவந்து கட்டிலில் கவிழ்த்து ஒரே பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினாள்.

"கலக்காதே. சிவப்பு தனி."

"கலக்கத்தான்ப்பா வேணும்" என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது.

குழாய்க்குள் பழைய வண்டிகள் வரிசையாக எஞ்சினை முடுக்குவது போன்ற சத்தம். மார்புக்குள் இருக்கும் கம்பியை நினைத்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தார். மனைவியின் கன்னமும் அடிக்கடி நினைவுக்கு வந்தது.

படம் வந்தது. மருத்துவர் காட்டிய இடத்தில், நீளமாக இறங்கிவந்த வெளிர் நிறப் பட்டை, கழுத்தின் நடுவில் தண்ணீர்க் குழாயை யாரோ மிதித்த மாதிரி ஒடுங்கியிருந்தது.

"ஆபரேஷன் பண்ணா கை திரும்ப வருமா?" என்று மனைவி கேட்டாள்.

"கொஞ்சம் வரலாம். வரும்னு வாக்கு குடுக்கமாட்டேன். இனிமே போறதை நிறுத்தறதுக்குத்தான் முக்கியமா பண்றோம்."

அவள் மெல்லத் தலையாட்டினாள். "எனக்கும் இதே பதில்தான் சொன்னாங்க."

அறுவைக்கு முந்தைய வாரங்களில் காலையும் மாலையும் மகள் வந்து சொட்டு மருந்து விட்டுப் போனாள். அந்த நேரத்தில் அவர் சமையலறையில் போய் நின்றுகொண்டார். சர்க்கரையை இறக்க வேண்டியிருந்தது. ரத்த மாத்திரையை எப்போது நிறுத்துவது, நிறுத்தினால் இதயத்துக்கு எவ்வளவு ஆபத்து, நிறுத்தாவிட்டால் கழுத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று மருத்துவர்கள் ஒருவரோடொருவர் பேசினார்கள். அவர் கண்முன்னே அது நடந்தது அதுவே முதல் தடவை. மயக்கத்திலிருந்து எழாமலே போகவும் கூடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். இப்படியே விட்டால் ஒரு சின்னத் தடுக்கலில் கழுத்துக்குக் கீழே எல்லாம் போய்விடலாம் என்பதையும்.

அறுவைக்கு முதல் நாள் மயக்க மருந்து கொடுக்கும் பெண் வந்து, கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டு, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்றாள். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

என்கொயரி ஆரம்பித்தார். மேல் வரிசையில் ஒரு பல் ஆடுகிறது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. இரண்டு தடவை குளியலறையில் விழுந்திருக்கிறார்; வீட்டில் யாருக்கும் தெரியாது. ராத்திரி உள்ளாடை நனைந்திருக்கிறது; அதையும் தெரியாமல் துவைத்திருக்கிறார். மாடிப்படி பார்த்தால் பயம். மனைவியின் கண்ணில் விட வேண்டிய மருந்தை ரொம்ப நாளாகக் கன்னத்தில் விட்டிருக்கிறார். "இதெல்லாம் உங்க கவுன்ட்டருக்கு... உங்களுக்குத் தேவையான்னு தெரியலம்மா" என்று நடுவில் நிறுத்தினார். அந்தப் பெண் எழுதுவதை விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "தேவைதான். சொல்லுங்க" என்றாள். கதவோரம் நின்ற மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அறுவை முடிந்து, மயக்கத்திலிருந்து அவர் எழுந்தார். கழுத்துப்பட்டையோடு, சர்க்கரை ஏறி இறங்கி, காயம் ஆற மற்றவர்களைவிட அதிக நாள் எடுத்து, வீட்டுக்கு வந்தார். நடை முன்பைவிடக் காலூன்றி வந்தது. பிடரி மின்சாரம் நின்றது. இடது கையால் கரண்டி பிடிக்க முடிந்தது. வலது கையின் விரல்கள் மட்டும் கொஞ்சம் இளகி, அத்தோடு நின்றுவிட்டன. பாட்டிலைத் தனியாக எடுத்து அழுத்திப் பார்த்தார். சொட்டு எங்கோ போனது. மனைவியின் வலது கண் இருந்த இடத்திலேயே நின்றது. இடது கண்ணின் கறுப்பு, பரவிய வரை பரவியதுதான்.

ஒரு சாயங்காலம் மகள் போன் செய்தாள். வேலை முடியவில்லை, வர நேரமாகும். மருந்து நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. மனைவி வழக்கம்போலக் கட்டிலில் படுத்துவிட்டாள். அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பாட்டில் இருவருக்கும் நடுவே கிடந்தது.

"நீங்க போடுங்க, பரவாயில்ல" என்றாள்.

"வேணாம்" என்றார் அவர். "நீ எடு."

"எனக்கு நுனி தெரியாதுங்க. முன்னாடியே பார்த்ததுதானே."

"எனக்குத் தெரியுதே. எடு. மூடியைத் திற."

அவள் எடுத்தாள். கழுத்தை வளைக்க முடியாத அவர், உடம்பையே முன்னால் சாய்த்து, அவள் முகத்துக்கு நேரே வந்தார்.

"கீழிமையைப் பிடிச்சுக்கோ. ம். கையை நெத்தியில ஊனிக்கோ, ஆடாது. இப்ப மூக்குப் பக்கம் வா. இன்னும் கொஞ்சம். போதும், தாண்டிட்ட, திரும்பு. அங்கேயே நில்லு. கீழ இறக்காதே. மேல பாரு. அழுத்து."

சொட்டு விழுந்தது. அவள் இமையை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தாள். இடது கை கைக்குட்டையைத் தேடி எடுத்து, கன்னத்தில் வைத்துப் பார்த்தது. கன்னத்தில் ஒன்றும் இல்லை.

"விழுந்துச்சா?" என்றாள், தெரிந்தும்.

"விழுந்தது."

பிறகு அவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பேசுகிறவரைப் போல லேசாகச் செருமிக்கொண்டார்.

"அடுத்தவங்க வாங்க."

அவள் உதட்டோரம் சிரிப்பில் கோணியது. பாட்டிலை இடது கண்ணுக்கு மேலே கொண்டுவந்து, அவர் வழி சொல்லக் காத்திருந்தாள்.